வெறுப்புக் குற்ற வழக்கு: உள்நோக்கத்தை நிரூபிப்பதில் நேரும் தவறுகள்

இனம், மதம் போன்ற அடையாளத்தின் மீதான வெறுப்பால் ஒருவரைத் தாக்குவது வெறுப்புக் குற்றம்; அதற்குக் கூடுதல் தண்டனை உண்டு. அடித்தவன் இனவெறியன் என்று காட்டிவிட்டால் வெறுப்புக் குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று நினைப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. அவன் மனத்தில் வெறி இருந்தது என்பது ஒன்று. அந்த வெறிதான் கையை ஓங்க வைத்தது என்பது வேறு. அமெரிக்கச் சட்டம் கேட்பது இரண்டாவதை.

1992-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்த டாசன் வழக்கைப் பாருங்கள். கொலைக் குற்றவாளி வெள்ளையினவெறிச் சிறைக் கும்பல் ஒன்றைச் சேர்ந்தவர் என்பதைத் தண்டனை விசாரணையில் சான்றாக வைத்தார்கள். கொன்றவரும் வெள்ளையர், இறந்தவரும் வெள்ளையர். கொலைக்கும் கும்பலுக்கும் தொடர்பே காட்டப்படாத நிலையில் அதை ஏற்றது தவறு என்றது நீதிமன்றம். அதற்காக, பேச்சைச் சான்றாக வைக்கவே கூடாது என்று எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடவும் வேண்டாம். மறு ஆண்டே, விஸ்கான்சின் எதிர் மிட்செல் வழக்கில், வழியே போன வெள்ளைச் சிறுவனைச் சுட்டிக்காட்டி, அவனைத் தாக்கும்படி நண்பர்களைத் தூண்டியவருக்குக் கூடுதல் தண்டனை செல்லும் என்று நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அங்கே சொல்லுக்கும் அடிக்கும் இடையில் இடைவெளியே இல்லை.

அடுத்த சிக்கல், உள்நோக்கம் எந்த அளவுக்குக் காரணமாக இருக்க வேண்டும் என்பது. 2011-இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், ஆமிஷ் என்ற கிறித்தவப் பிரிவினர் சிலரின் தாடியை, அவர்களிடமிருந்து பிரிந்துபோன ஒரு குழுவினர் பலவந்தமாக வெட்டினார்கள். மத வெறுப்பு 'குறிப்பிடத்தக்க காரணம்' என்றால் போதும் என்று ஜூரிக்கு, அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவுசெய்யும் பொதுமக்கள் குழுவுக்கு, சொல்லப்பட்டது. குடும்பச் சண்டைகளும் கலந்திருந்த அந்த வழக்கில், 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வெறுப்புக் குற்றத் தீர்ப்புகளை ரத்து செய்தது: 'மதம் என்ற காரணம் இல்லாவிட்டால் இது நடந்தே இருக்காது' என்று காட்ட வேண்டுமாம். இதை 'ஒரே காரணம்' என்று படிப்பவர்கள் உண்டு. அது தவறு. வேறு காரணங்களும் உடனிருக்கலாம். மதம் என்ற காரணத்தை எடுத்துவிட்டால் குற்றம் நடக்காமலே போயிருக்குமா என்பதே கேள்வி.

இங்கிலாந்தில் கேள்வியே வேறு. 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குற்றத்தின்போதோ அதற்குச் சற்று முன்னோ பின்னோ இனப் பகையை வெளிக்காட்டியிருந்தாலே போதும். உள்நோக்கத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. ஒரு நாட்டுத் தீர்ப்பைப் படித்துவிட்டு இன்னொரு நாட்டு வழக்கை அளப்பவர்களுக்கு இது உறைப்பதே இல்லை.

கூடுதல் தண்டனைதானே, நீதிபதியே பார்த்துக்கொள்வார் என்ற எண்ணம் அமெரிக்காவில் 2000-இல் அப்ரெண்டி தீர்ப்போடு முடிந்தது. சட்டம் விதித்த உச்ச வரம்பைத் தாண்டித் தண்டிக்க வேண்டுமானால், வெறுப்பு நோக்கம் ஜூரியின் முன் நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட வேண்டும்.

பாதிக்கப்பட்டவர் அப்படி உணர்ந்தார் என்பதும் போதாது. அந்த நம்பிக்கையை வைத்தே தண்டிக்க இடம்கொடுத்த சட்டப் பிரிவை நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 2015-இல் நீக்கியது. ஆனால் அடித்தவன் என்ன நினைத்தான் என்பது எடுபடும். சீக்கியரை முஸ்லிம் என்று கருதித் தாக்கியவன் 'ஆள் மாறிவிட்டது' என்று தப்ப முடியாது; 2009-ஆம் ஆண்டின் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் உண்மையான அடையாளத்தோடு, கருதிக்கொண்ட அடையாளத்தையும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது.