வேட்டை, மீன்பிடிப்பு, காட்டுயிர் நோக்கல்: அமெரிக்கப் பங்கேற்புக் கணக்கைச் சரியாகப் படிக்கும் முறை

அமெரிக்காவில் எத்தனை பேர் வேட்டையாடுகிறார்கள், எத்தனை பேர் மீன்பிடிக்கிறார்கள், எத்தனை பேர் பறவைகளையும் விலங்குகளையும் பார்த்து மகிழ்கிறார்கள் என்பதை அந்நாட்டின் மீன், காட்டுயிர்த் துறை 1955 முதல் ஏறத்தாழ ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை தேசியக் கணக்கெடுப்பாக வெளியிட்டு வருகிறது. காட்டுயிர்ப் பாதுகாப்பில் யாருடைய சொல்லுக்கு மதிப்புத் தர வேண்டும் என்ற விவாதங்களில் இந்த எண்களே சான்றாக வைக்கப்படுகின்றன. ஆகவே கட்டுரைக்கோ ஆய்வுக்கோ இவற்றை எடுத்தாள்பவர்கள் ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் யாரை, எந்தச் செயலுக்காக, எந்த முறையில் எண்ணினார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் வயது வரம்பைப் பாருங்கள். அறிக்கையின் தலைப்பு எண்கள் 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை மட்டுமே குறிப்பவை. 2016-ல் 1.15 கோடிப் பேர் வேட்டையாடினார்கள் என்றால், அந்த வயதுப் பிரிவில் இருந்த சுமார் 25.5 கோடிப் பேரில் நூற்றுக்கு 4.5 பேர் என்று பொருள். மொத்த மக்கள்தொகையால் வகுத்துச் சதவீதம் சொல்வது பிழையாகிவிடும்.

அடுத்து வரையறை. வேட்டையும் மீன்பிடிப்பும் என்ன என்பதில் பெரிய குழப்பம் வராது. காட்டுயிர் நோக்கலில்தான் படிப்பவர் மிகவும் நிதானிக்க வேண்டும். 2016-ல் 8.6 கோடிப் பேர், அதாவது ஏறத்தாழ மூவரில் ஒருவர், காட்டுயிர் நோக்கினார்கள் என்று படித்தவுடன், தொலைநோக்கியுடன் காடுகளுக்குச் செல்லும் கூட்டமே பலருடைய மனத்தில் தோன்றும். உண்மையில் அவர்களில் 8.11 கோடிப் பேர் வீட்டைச் சுற்றி ஒரு மைல் எல்லைக்குள் இச்செயலில் ஈடுபட்டவர்கள். பறவைகளுக்குத் தீனி வைப்பதும், அவற்றுக்காகச் செடிகொடிகளைப் பேணுவதும், அக்கறையுடன் உற்றுப் பார்ப்பதும், படம் எடுப்பதும் இதில் அடங்கும். காட்டுயிரைக் காண்பதையே முதன்மை நோக்கமாகக் கொண்டு ஒரு மைலுக்கு அப்பால் பயணம் செய்தவர்கள் 2.37 கோடி மட்டுமே. விலங்குக்காட்சிச் சாலைக்கோ மீன் காட்சியகத்துக்கோ போவதும், வேறு வேலையாகச் செல்லும் வழியில் தற்செயலாக ஒரு மானைக் காண்பதும் கணக்கில் சேரா. வீட்டருகே நோக்குவதைக் குறைத்து மதிப்பிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சன்னலோரத்தில் தினமும் பறவைக்குத் தீனி வைப்பவரின் ஈடுபாடு உண்மையானதே. ஆனால் சுற்றுலா வருவாயைப் பற்றியோ பூங்காக்களின் தேவையைப் பற்றியோ பேசும்போது பயணம் செய்தவர்களின் எண்ணைத்தான் எடுக்க வேண்டும்.

வீட்டருகே நோக்கியவர்கள், பயணம் செய்தவர்கள் ஆகிய இரண்டு எண்களையும் கூட்டினால் 8.6 கோடியைத் தாண்டிவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். ஒரே ஆள் இரண்டிலும் ஈடுபட்டிருக்கலாம் என்பதே காரணம். அதே ஆண்டில் நன்னீரில் மீன்பிடித்தவர்கள் 3.01 கோடி, கடல்நீரில் பிடித்தவர்கள் 83 லட்சம். ஆனால் மீன்பிடித்தவர்களின் மொத்தம் 3.58 கோடிதான். எனவே உட்பிரிவுகளை ஒருபோதும் கூட்டாதீர்கள். அறிக்கை தரும் மொத்தத்தையே எடுங்கள்.

ஆண்டுகளை ஒப்பிடும் இடத்தில்தான் தவறுகள் மிகுதியாக நேர்கின்றன. 2011-ல் 1.37 கோடியாக இருந்த வேட்டைக்காரர்கள் 2016-ல் 1.15 கோடியாகக் குறைந்தார்கள் என்று எழுதலாம். இரண்டு கணக்கெடுப்புகளுக்கும் தகவல் திரட்டியது மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பணியகம், முறையும் ஒப்பிடத்தக்கது. ஆனால் 2022 அறிக்கையில் வேட்டைக்காரர்கள் 1.44 கோடி, மீன்பிடிப்பவர்கள் 3.99 கோடி, காட்டுயிர் நோக்குபவர்கள் 14.8 கோடி என்று இருப்பதைக் கொண்டு, ஆறே ஆண்டுகளில் காட்டுயிர் ஆர்வம் பெருவெள்ளமாகப் பெருகிவிட்டது என்று எழுதினால் அது தவறு. 2022-ல் மாதிரி எடுக்கும் முறையும் கேள்வி கேட்கும் வழியும் மாற்றப்பட்டன; முந்தைய அறிக்கைகளுடன் இதை நேரடியாக ஒப்பிடக் கூடாது என்பதும் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. இது போன்ற முறிவு முன்பும் நேர்ந்தது. 1985 வரை ஓராண்டு நிகழ்வுகளை ஒரே தடவையில் நினைவுகூரச் சொன்னார்கள். நினைவு நீள நீள மக்கள் தங்கள் பயணங்களையும் செலவையும் மிகைப்படுத்திச் சொல்வது தெரிந்ததால், 1991 முதல் ஆண்டைப் பிரித்துப் பல சுற்றுகளாகக் கேட்கத் தொடங்கினார்கள். ஆகையால் 1991 முதல் 2016 வரை ஒரு தொடர். அதற்கு முன்னும் பின்னும் தனித்தனி.

வேட்டைக்கு மற்றொரு கணக்கும் உண்டு: மாநிலங்கள் ஆண்டுதோறும் சான்றளிக்கும் கட்டண உரிமம் பெற்றோர் எண்ணிக்கை. 1937-ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி, துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான வரியிலிருந்து காட்டுயிர் மீட்புக்காகப் பகிரப்படும் முதன்மை நிதியில் பாதி மாநிலத்தின் பரப்பளவையும், மறுபாதி இந்த எண்ணிக்கையையும் கொண்டு பிரிக்கப்படுகிறது. ஆகவே இது கவனமாகப் பேணப்படும் கணக்கு. எனினும் உரிமம் வாங்கியவர் எல்லோரும் வேட்டைக்குப் போவதில்லை, இரு மாநிலங்களில் உரிமம் வாங்கியவர் இரு முறை எண்ணப்படுகிறார், சில மாநிலங்களில் உரிமமே தேவைப்படாத முதியவர்களும் நில உடைமையாளர்களும் விடுபடுகிறார்கள். கணக்கெடுப்பு எண்ணும் உரிம எண்ணும் வேறுபட்டால், ஒன்றைப் பொய் என்று ஒதுக்காமல் அவை இரண்டு வேறு கேள்விகளுக்கான விடைகள் என்றே கொள்ளுங்கள்.

தேசியக் கணக்கெடுப்பின் எண்கள் எல்லாம் மாதிரியிலிருந்து பெற்ற மதிப்பீடுகள் என்பதால், சிறிய பிரிவுகளில் பிழை எல்லை விரியும். அறிக்கையின் இறுதிப் பகுதியில் உள்ள பிழை அட்டவணையைப் பார்க்காமல் சிறு வேறுபாடுகளைச் செய்தியாக்க வேண்டாம்.

எழுதும்போது வாக்கியம் இப்படி அமையலாம்: "2016 தேசியக் கணக்கெடுப்பின் மதிப்பீட்டின்படி, 16 வயதும் அதற்கு மேலும் ஆன அமெரிக்கர்களில் 2.37 கோடிப் பேர் காட்டுயிரைக் காண்பதற்காகவே வீட்டிலிருந்து ஒரு மைலுக்கு அப்பால் பயணம் செய்தனர்." சற்று நீளமான வாக்கியந்தான், ஆனால் அதிலுள்ள ஆண்டு, வயது, நோக்கம், தொலைவு ஆகிய நான்கில் எதை நீக்கினாலும் எண்ணின் பொருள் மாறிவிடும்.