லிபர்டேரியன்கள் தனிக்கட்சி தொடங்கலாமா? கொடிக்கு முன் போட வேண்டிய கணக்கு

வரி குறைய வேண்டும், அரசு மனிதர்களின் சொந்த வாழ்க்கையிலும் தொழிலிலும் மூக்கை நுழைக்கக் கூடாது என்று நினைக்கிற லிபர்டேரியன்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்தால், சீக்கிரமே யாராவது "நாமே ஒரு கட்சி ஆரம்பித்தால் என்ன?" என்பார். உடனே பேச்சு கொடி, சின்னம், கொள்கை அறிக்கை என்று ஓடும். அதையெல்லாம் ஒத்திப்போட்டுவிட்டு, முதலில் அந்த நாட்டின் தேர்தல் சட்டத்தைப் படியுங்கள். ஓட்டு எந்த வழியில் இடமாக மாறுகிறது என்பதுதான் இந்தக் கேள்விக்குப் பாதி விடை.

முதல் கணக்கு: எத்தனை ஓட்டுக்கு ஓர் இடம்

ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர், அதிக ஓட்டு வாங்கியவருக்கு வெற்றி என்ற முறையில், நாடு முழுக்க 8 சதவீதம் பரவலாக வாங்கும் கட்சிக்குக் கிடைப்பது பூஜ்யம். அமெரிக்க லிபர்டேரியன் கட்சி 1971-இல் தொடங்கியது. அதிபர் தேர்தலில் 1980-இல் எட் கிளார்க் வாங்கியது சுமார் 9.2 லட்சம் ஓட்டு, 1 சதவீதத்துக்குச் சற்று மேல். 2016-இல் கேரி ஜான்சன் சுமார் 45 லட்சம், 3.3 சதவீதம். கட்சியின் உச்சம் அதுதான். 2024-இல் சேஸ் ஆலிவர் 0.4 சதவீதத்துக்கு இறங்கினார். இத்தனை ஆண்டுகளில் அந்தக் கட்சியின் பெயரில் போட்டியிட்டு ஒருவர்கூட அமெரிக்க காங்கிரசுக்குள் நுழையவில்லை.

வாங்கிய ஓட்டு சதவீதத்துக்கு ஏற்ப இடம் தரும் விகிதாசார முறையில் கதை வேறு. நியூசிலாந்தில் 1994-இல் தொடங்கிய, லிபர்டேரியன் சாய்வுள்ள ஆக்ட் கட்சிக்கு, 1996 முதல் நடைமுறைக்கு வந்த கலப்பு விகிதாசார முறை கைகொடுத்தது. அங்கே இடம் கிடைக்க 5 சதவீதம் வாங்க வேண்டும், இல்லையென்றால் ஒரு தொகுதியிலாவது ஜெயிக்க வேண்டும். 2014-இல் 0.7 சதவீதம் மட்டுமே வாங்கியும் எப்சம் தொகுதியைப் பிடித்ததால் கட்சி உயிரோடு இருந்தது. அந்த ஒற்றை உறுப்பினர் டேவிட் சீமோர் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் 2019-இல் கருணைக்கொலைச் சட்டமாக நிறைவேறியது. 2023-இல் கட்சிக்கு 8.6 சதவீதம், 11 இடம், ஆட்சியில் பங்கு.

உங்கள் நாட்டுக்கான எண்ணைக் கண்டுபிடிப்பது எளிது. இடம் பெற இத்தனை சதவீதமாவது வாங்க வேண்டும் என்ற கீழ்வரம்பு சட்டத்தில் இருந்தால், கடந்த தேர்தலில் பதிவான செல்லத்தக்க ஓட்டை அதனால் பெருக்குங்கள். 40 லட்சம் ஓட்டு, 5 சதவீதம் என்றால் 2 லட்சம். கீழ்வரம்பு இல்லாமல் பல உறுப்பினர் தொகுதிகள் இருந்தால், 75-ஐ இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டிய தொகையால் வகுத்தால் தோராயமான சதவீதம் வரும். 5 இடத் தொகுதியில் 12.5 சதவீதம், 20 இடத் தொகுதியில் சுமார் 3.6. பட்டியல் முறை (ஆளுக்கு அல்லாமல் கட்சியின் வேட்பாளர் பட்டியலுக்கு ஓட்டுப் போடும் விகிதாசார முறை) என்ற பெயரை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். 3 இடத் தொகுதிகளாக வெட்டிய நாட்டில் சிறு கட்சியின் நிலை நேரடித் தொகுதி முறையைவிடக் கொஞ்சம்தான் மேல்.

கீழ்வரம்புக்குச் சற்றுக் கீழே நிற்பதுதான் ஆகக் கொடுமை. ஜெர்மனியில் சந்தைப் பொருளாதாரம் பேசும் எஃப்டிபி 2013-இல் 4.8 சதவீதம் வாங்கியது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டு, நாடாளுமன்றத்தில் ஓர் இடமும் இல்லை. 2025-லும் 4.3 சதவீதத்தில் அதே கதை.

நேரடித் தொகுதி முறையிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. ராஜாஜி 1959-இல் தொடங்கிய சுதந்திராக் கட்சியை முழு லிபர்டேரியன் கட்சி என்று சொல்ல முடியாது என்றாலும், லைசன்ஸ்-பெர்மிட் ஆட்சிக்கு எதிரான கட்சி. 1967-இல் மக்களவையில் 44 இடம் பிடித்து மிகப்பெரிய எதிர்க்கட்சியானது. காரணம், அதன் ஓட்டு குஜராத், ராஜஸ்தான், ஒரிசா போன்ற பகுதிகளில் குவிந்திருந்தது, அங்கெல்லாம் ஏற்கெனவே செல்வாக்குள்ள உள்ளூர்ப் புள்ளிகள் கட்சியில் இருந்தார்கள், மதராசில் தி.மு.க.வோடு கூட்டணி வைத்தார்கள். 1971-இல் 8 இடமாகச் சுருங்கியது, 1974-இல் பாரதிய லோக் தளத்தில் கரைந்தது. உங்கள் ஆதரவு ஊர் ஊராகக் குவிந்திருக்கிறதா, இல்லை நகரத்துக்குப் பத்துப் பேராகச் சிதறியிருக்கிறதா? கையில் உள்ள உறுப்பினர் பட்டியலைத் தொகுதிவாரியாகப் பிரித்தால் தெரிந்துவிடும். இணையத்தில் பின்தொடர்பவர்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கணக்கு ஒத்துவராவிட்டால்

பெரிய கட்சியின் வேட்பாளரை மக்களே பிரைமரி என்ற முன்தேர்தலில் தேர்ந்தெடுக்கும் நாடாக இருந்தால், அந்தக் கதவுதான் மலிவானது. ரான் பால் 1988-இல் லிபர்டேரியன் கட்சி அதிபர் வேட்பாளராக வாங்கியது சுமார் 4.3 லட்சம் ஓட்டு. அதே மனிதர், அதே பேச்சு, 2012-இல் குடியரசுக் கட்சி பிரைமரிகளில் 20 லட்சத்தைத் தாண்டினார். தொலைக்காட்சி விவாத மேடையும் கூடவே கிடைத்தது. நியூ ஹாம்ப்ஷையர் இன்னும் நல்ல பாடம். அந்த மாநிலக் கீழவையில் 400 உறுப்பினர்கள், ஆண்டுச் சம்பளம் 100 டாலர். பெரிய கட்சிகளுக்கே ஆள் கிடைப்பது கஷ்டம். லிபர்டேரியன்களை அந்த ஒரே மாநிலத்தில் திரட்டும் ஃப்ரீ ஸ்டேட் திட்டத்தின்படி அங்கே குடியேறியவர்கள் பெரும்பாலும் குடியரசுக் கட்சிச் சீட்டிலேயே நின்று உள்ளே போயிருக்கிறார்கள்.

இந்த வழியில் இறங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, பிரைமரியில் ஓட்டுப் போட எந்தத் தேதிக்குள் அந்தக் கட்சியில் பதிவு செய்ய வேண்டும் என்பது. இதைத் தவறவிட்டால் ஆதரவாளர் இருந்தும் ஓட்டு இருக்காது. அடுத்து, போட்டியே இல்லாமல் காலியாகக் கிடக்கும் அடிமட்டக் கமிட்டிப் பதவிகளைப் பிடிப்பது. பதவியில் இருப்பவரை எதிர்ப்பதைவிட, அவர் விலகும் இடத்தைக் குறிவையுங்கள். உள்ளே போனவர் கொறடாவின் சொல்லுக்குத் தலையாட்டத் தொடங்குவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் சறுக்கல். எந்த மூன்று விஷயங்களுக்கு எந்த நிலையிலும் ஓட்டுப் போட மாட்டேன் என்பதை வேட்புமனுவுக்கு முன்பே எழுதி வெளியிடச் சொல்லுங்கள்.

பிரைமரியே இல்லாமல், தலைமை கைகாட்டுபவருக்கே சீட்டு என்றால் இந்தக் கதவு மூடியதுதான். அங்கே ஒரே சட்டத்தைக் குறிவைத்து வழக்கு, பொதுவாக்கெடுப்பு என்று போவது மேல்.

ஓட்டைப் பிரித்து மிரட்டலாமே என்பவர்கள் ஜார்ஜியாவைப் பார்க்க வேண்டும். 2020 செனட் தேர்தலில் குடியரசுக் கட்சியின் பெர்டியூ 49.7 சதவீதம் வாங்கினார். லிபர்டேரியன் வேட்பாளர் 2.3 சதவீதம். பாதியைத் தாண்டாததால் மறுசுற்று, அதில் ஜனநாயகக் கட்சியின் ஆசாஃப் ஜெயித்தார். 2021 ஜனவரியில் செனட்டே கை மாறியது. முடிவை மாற்றும் பலம் இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் கோரிக்கை இல்லாமல் ஓட்டைப் பிரித்தால் கிடைப்பது 'பி டீம்' என்ற பட்டம் மட்டும். ஒரே ஒரு சட்டம், யார் எழுத்தில் தர வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று பகிரங்கமாக வையுங்கள். அந்தத் தேதி வேட்புமனு வாபஸ் பெறும் கடைசி நாளுக்கு முன்பு இருக்க வேண்டும். பெயர் வாக்குச்சீட்டில் அச்சான பிறகு பேரம் பேச எதுவும் மிச்சமில்லை.

தொடங்குவதென்றே முடிவானால்

பதிவு விதியை வரிக்கு வரி படியுங்கள். இந்தியாவில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 29ஏ பிரிவின்படி, பதிவு கேட்கும் கட்சி சோஷலிசத்துக்கு விசுவாசமாக இருப்போம் என்று தன் விதிமுறைகளில் எழுதித்தர வேண்டும். லிபர்டேரியன்களுக்கு இதைவிடக் கசப்பான முதல் பக்கம் கிடையாது. நியூயார்க்கில் லிபர்டேரியன்கள் 2018 ஆளுநர் தேர்தலில் அங்கீகாரம் வாங்கினார்கள். 2020-இல் விதி மாறி, அதைத் தக்கவைக்க இரண்டு ஆண்டுக்கொருமுறை 1,30,000 ஓட்டு அல்லது 2 சதவீதம், இதில் எது அதிகமோ அது என்றானது. அங்கீகாரம் போயிற்று. அங்கீகாரம் இல்லாத கட்சி மாநில அளவில் நிற்க 45,000 கையெழுத்தை ஆறு வாரத்தில் திரட்ட வேண்டும்.

கையெழுத்துகளில் பத்துக்கு மூன்று தள்ளுபடியாகும் என்று வைத்தே திட்டமிடுங்கள். 10,000 தேவையென்றால் 14,300 வாங்க வேண்டும். தள்ளுபடிக்குக் காரணங்கள்: ஒரே ஆள் இரண்டு முறை போடுவது, வாக்காளர் பட்டியலில் உள்ள முகவரியும் படிவத்தில் உள்ளதும் ஒத்துப்போகாதது, வேறு தொகுதிக்காரர், தேதி விடுபட்டது. அன்றன்று வாங்கியதை அன்றிரவே பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போட்டால் பற்றாக்குறை எவ்வளவு என்று தெரியும்போது ஈடுகட்ட நாள் இருக்காது.

புதுப் பதிவு தேவையே இல்லாமலும் இருக்கலாம். அர்ஜென்டினாவில் லிபர்டேரியன் மிலேய் தலைமையிலான லா லிபர்டாட் அவான்சா 2021-இல் சிறு கட்சிகளின் கூட்டணியாகத்தான் களமிறங்கியது. தலைநகரில் சுமார் 17 சதவீதம், இரண்டு இடம். 2023-இல் மிலேய் அதிபரே ஆனார். ஆனால் காங்கிரசில் அவர் கட்சிக்குச் சிறுபான்மைதான். சட்டம் நிறைவேற்ற அடுத்த கட்சிகளின் கையை எதிர்பார்க்க வேண்டியிருந்தது.

பெயரில் கெட்டிக்காரத்தனம் வேண்டாம். ஆஸ்திரேலியாவில் லிபரல் டெமாக்ரட்ஸ் என்ற லிபர்டேரியன் கட்சி 2013-இல் நியூ சவுத் வேல்ஸில் 9.5 சதவீதம் வாங்கி செனட் இடம் பிடித்தது. வாக்குச்சீட்டில் முதல் இடம் கிடைத்ததும், பெரிய கட்சியான லிபரல் கட்சி என்று நினைத்துப் பலர் குத்தியதும் அதற்கு உதவின. 2021-இல் இப்படிக் குழப்பும் பெயர்களைத் தடுக்கச் சட்டமே மாறியது, பெயரையும் மாற்ற வேண்டியதாயிற்று.

கட்சி விதிகளில்தான் லிபர்டேரியன்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். விதி என்றாலே பிடிக்காதவர்களாயிற்றே! மாநாட்டுக்கு ஆள் திரட்டி வரும் கோஷ்டி ஒரே நாளில் கட்சியை வாங்கிவிட முடியும். அமெரிக்கக் கட்சியில் 2022 ரெனோ மாநாட்டில் மீசஸ் காகஸ் என்ற உட்கட்சிக் கோஷ்டி தலைமையைக் கைப்பற்றிய பிறகு சில மாநிலக் கிளைகள் பிரிந்தே போயின. புது உறுப்பினருக்கு ஆறு மாதம் கழித்தே ஓட்டுரிமை, கொள்கை அறிக்கையைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு, செயற்குழுவில் பாதிப் பேருக்கு மட்டுமே ஒவ்வொரு மாநாட்டிலும் தேர்தல், வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து. இவை நான்கும் முதல் நாளே எழுத்தில் இருக்கட்டும்.

முதல் தேர்தலில் எல்லா இடத்திலும் ஆள் நிறுத்தாதீர்கள். விகிதாசார முறையில்லாத இடத்தில் நூறு வேட்பாளர் நின்றால் நூறு டெபாசிட் போகும், தொகுதிக்குச் செலவிட ஆளும் பணமும் மிஞ்சாது. கட்சிச் சின்னம் தேவைப்படாத உள்ளாட்சிப் பதவி நான்கைந்தைத் தேர்ந்தெடுத்து, கடந்த முறை ஜெயித்தவர் வாங்கிய ஓட்டைப் பாருங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு முறை போக முடிகிற அளவு வார்டு இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

கடைசியாக, கலைப்பு விதி. இரண்டு பொதுத்தேர்தலுக்குள் கீழ்வரம்பில் பாதியைக்கூடத் தொடாவிட்டால் கட்சியைக் கலைப்பதா என்று கட்டாய வாக்கெடுப்பு. கலைந்தால் உறுப்பினர் பட்டியலும் மிச்சப் பணமும் எந்த அமைப்புக்குப் போக வேண்டும் என்பதையும், சட்டம் அனுமதிக்கும் வரை, அதே விதியில் எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் கடைசியாகப் பொருளாளராக இருந்தவரிடமே இரண்டும் தங்கிவிடும்.