வாக்குத்தத்த வசனம் எடுத்தாச்சு, அடுத்து என்ன பண்ணணும்?

டிசம்பர் 31 ராத்திரி சர்ச் ஆராதனைல, வர்ற வருஷத்துக்குக் கர்த்தர் தர்ற வாக்குன்னு ஒரு பைபிள் வசனம் எழுதுன வாக்குத்தத்த கார்டு எடுத்துட்டு வந்து பீரோ கதவுல ஒட்டிடுறோம், அதுக்கப்புறம் அந்த வசனத்தை வச்சு என்ன செய்யணும்னு நிறைய பேருக்கு யாரும் சொல்லித் தர்றதில்ல, அதான் எழுதுறேன்.

முதல்ல அந்த அதிகாரத்தை முழுசா படிங்க. உங்களுக்கு நீதிமொழிகள் 10:22 வந்திருக்குன்னு வைங்க, "கர்த்தரின் ஆசீர்வாதமே ஐசுவரியத்தைத் தரும்". சந்தோஷம்தான், ஆனா அதே அதிகாரத்துல 4ஆம் வசனம் சோம்பற்கையால வேலை செய்றவன் ஏழையாவான்னு சொல்லுது. ரெண்டையும் சேர்த்து வச்சு ஜெபிக்கணும், ஒண்ண மட்டும் பிடிச்சுக்கக் கூடாது.

அடுத்து உங்க கை எதுல இருக்குன்னு பாருங்க. உபாகமம் 28:8ல ஆசீர்வாதம் "நீ கையிடும் எல்லா வேலையிலும்" வரும்னு இருக்கு, அப்ப நாம எதுலயாவது கை வச்சிருக்கணும்ல? ஆதியாகமம் 26ஐ எடுத்துப் படிங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச அதிகாரம். தேசத்துல பஞ்சம், எகிப்துக்குப் போகாதேன்னு கர்த்தர் சொல்லிட்டார், ஆபிரகாமோட மகன் ஈசாக்கு கேரார்ங்கிற ஊர்லயே இருந்து விதைக்கிறான், அந்த வருஷமே நூறு மடங்கு விளைச்சல். பஞ்சத்துல விதையை மண்ணுல போட எவ்ளோ விசுவாசம் வேணும் யோசிங்க. அதோட கதை முடியல, அந்த ஊர்க்காரங்களான பெலிஸ்தர் பொறாமைல ஈசாக்கோட அப்பா காலத்துக் கிணறையெல்லாம் மண்ணு போட்டு மூடிட்டாங்க, இவன் மறுபடி தோண்டுறான், ஏசேக்குங்கிற கிணத்துல சண்டை, விட்டுட்டு அடுத்த கிணறு, சித்னாலயும் சண்டை, ரெகொபோத்லதான் நிம்மதி. அவ்ளோ ஆசீர்வாதம் வாங்குனவனே கிணறு தோண்டிட்டேதான் இருந்திருக்கான்.

அதனால கார்டு பக்கத்துல ஒரு பேப்பர் ஒட்டி இந்த வாரம் செய்யப்போற ஒரே ஒரு வேலைய எழுதுங்க. குரூப் 4 எழுதுறவங்க "ஆறாம் வகுப்பு தமிழ், முதல் இயல்"னு எழுதலாம், கடை வச்சிருக்கவங்க "பாக்கி நோட்டு சரிபார்க்கணும்"னு எழுதலாம். காலைல ஜெபம் முடிச்சு எந்திரிச்ச உடனே போனை எடுக்காம அதுல உக்காருங்க.

ஓய்வும் எடுக்கணும். வனாந்தரத்துல இஸ்ரவேலருக்கு வானத்துலருந்து தந்த மன்னாங்கிற சாப்பாட்ட ஆறு நாள்தான் பொறுக்கச் சொன்னார் கர்த்தர், ஆறாம் நாள் ரெண்டு பங்கு கிடைச்சுது, மத்த நாள்ல பேராசைப்பட்டு மறுநாளைக்கு எடுத்து வச்சது புழு வச்சு நாறிப்போச்சு. ஞாயித்துக்கிழமையும் ஓவர்டைம் பாத்து உடம்பக் கெடுத்துக்காதீங்க, தமக்குப் பிரியமானவனுக்கு அவரே நித்திரை தர்றார்னு சங்கீதம் 127ல இருக்கு.

உழைச்சும் பலன் கம்மியா வந்தா யாராவது "உனக்கு விசுவாசம் பத்தல"ம்பாங்க, அத காதுல வாங்காதீங்க, அப்படிச் சொல்றது பாவம்னே நான் நினைக்கிறேன். பைபிள்ல வர்ற ஏழை விதவை ரூத் காலைலருந்து சாயங்காலம் வரை கதிர் பொறுக்கி, தட்டிப் பாத்தா ஒரு மரக்கால் வாற்கோதுமை, மாமியாருக்கும் அவளுக்கும் சாப்பாட்டுக்கு ஆச்சு. அதுவும் ஆசீர்வாதம்தான்.

அப்புறம் நன்றி. நெல்லை, தூத்துக்குடி பக்கம் அறுப்பின் பண்டிகைல வாழைத்தார், தேங்காய், கோழினு கொண்டு வந்து படைச்சு ஏலம் விடுவாங்கல்ல, நிலம் இல்லாதவங்களும் அப்படிச் செய்யலாம். சம்பளம் அக்கவுன்ட்ல விழுந்த அன்னைக்கே காணிக்கைக்குத் தனியா எடுத்து வச்சிடுங்க, மாசக் கடைசில பாத்துக்கலாம்னு விட்டா மிஞ்சாது.