திரையில் பச்சை எரிந்தால் பம்ப் ஓடுகிறதா? ஸ்காடாவில் புதியவர்கள் தடுக்கி விழும் சொற்கள்

ஸ்காடா என்பது பம்ப், வால்வு போன்றவற்றைத் தூரத்திலிருந்தே திரையில் பார்த்து இயக்கும் அமைப்பு. அதைச் சைட்டில் சோதித்து ஓடவைக்கும் கமிஷனிங் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். நாங்கள் தடுக்கி விழுந்த அதே கல்லில்தான் அவர்களும் விழுகிறார்கள். பி.எல்.சி. என்றால் என்ன, ஆர்.டி.யு. என்றால் என்ன என்பதற்கெல்லாம் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன, அதை விட்டுவிடலாம். தெரிந்த சொல்தானே என்று நினைக்கவைத்து, சைட்டில் போய்க் காலை வாருபவை மட்டும் இங்கே.

கமாண்ட் வேறு, ஸ்டேட்டஸ் வேறு

திரையில் ஸ்டார்ட் பட்டனை அழுத்துகிறீர்கள். அந்தக் கட்டளை பம்ப் பக்கத்தில் இருக்கும் கன்ட்ரோல் பெட்டியான ஆர்.டி.யு.வுக்குப் போய், அது ஒரு டிஜிட்டல் அவுட்புட்டை (ஒன்று அல்லது பூஜ்யம் என்ற சிக்னல்) ஆன் செய்து, ரிலே எடுத்து, மோட்டாருக்கு மின்சாரம் விடும் பெரிய சுவிட்சான கான்டாக்டர் இழுத்து, மோட்டார் சுற்றி, அப்புறம்தான் குழாயில் தண்ணீர். நடுவில் எது விட்டுப்போனாலும் தண்ணீர் கிடையாது. ஆனால் புதியவர் பம்ப் படத்தின் நிறத்தை அந்த அவுட்புட் பிட்டோடு கட்டிவிடுகிறார். டெஸ்டிங்கில் பிரமாதமாக இருக்கும்: அழுத்தினால் பச்சை, நிறுத்தினால் சாம்பல், வாடிக்கையாளரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

ஒரு கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பம்ப்பிங் ஸ்டேஷனில் இதன் விலையைப் பார்த்தேன். இரவில் மோட்டாரைக் காக்கும் ஓவர்லோட் ரிலே டிரிப் ஆகி கான்டாக்டர் விழுந்துவிட்டது, அவுட்புட் பிட் மட்டும் ஒன்றிலேயே நின்றது. விடிய விடியத் திரையில் பம்ப் பச்சை. ஆபரேட்டர் லாக் புக்கில் மணிக்கொருதரம் 'பம்ப் 2 ஓடுகிறது' என்று எழுதி, கையெழுத்தும் போட்டிருக்கிறார். காலையில் ஊர்க் குழாய்களில் காற்றுதான் வந்தது. தொட்டி மட்டம் இறங்குவதை அவர் கவனித்திருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மெமோ வாங்கியது அவர் மட்டும். அந்தத் திரையை வரைந்தவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது.

அதோடு முடியவில்லை. எலக்ட்ரீஷியன் வந்து ஓவர்லோடை ரீசெட் செய்த அந்த நொடியே, கட்டளை இன்னும் ஒன்றில் இருந்ததால், பம்ப் தானாகக் கிளம்பியது. நல்லவேளை, பக்கத்தில் யாரும் கை வைத்திருக்கவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். கான்டாக்டரின் ஆக்ஸிலரி கான்டாக்ட்டை (அதோடு சேர்ந்து மாறும் சின்னச் சுவிட்ச்) டிஜிட்டல் இன்புட்டாக எடுத்து வாருங்கள், நிறம் அதைப் பார்த்து மாறட்டும். கட்டளை போய்ச் சில விநாடிகளில் அந்த இன்புட், அதாவது ஃபீட்பேக், வராவிட்டால் 'ஃபெயில் டு ஸ்டார்ட்' அலாரம் அடித்து, கட்டளையும் தானாக விழ வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபீட்பேக் போனாலும் அப்படியே. அதுவும் கான்டாக்டர் இழுத்திருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். மோட்டாரையும் பம்ப்பையும் இணைக்கும் கப்ளிங் உடைந்திருந்தால் மோட்டார் தனியாகச் சுற்றும். மோட்டார் கரண்ட்டும் ஃப்ளோவும் அதே திரையில் இருந்தால்தான் முழுக்கதை தெரியும். சோதிப்பதும் சுலபம்: சப்ளையை ஆஃப் செய்து கான்டாக்டரின் காயில் வயரைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட் கொடுங்கள். பச்சை வந்தால் திரை பொய் சொல்கிறது.

இது நம்மூர்ப் பம்ப்போடு நிற்கிற விஷயம் இல்லை. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஒரு ரிலீஃப் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கன்ட்ரோல் ரூம் விளக்கோ அணைந்துவிட்டது, ஏனென்றால் அது காட்டியது வால்வைத் திறக்கவைக்கும் காந்தச் சுருளான சோலினாய்டுக்கு மின்சாரம் போகிறதா என்பதை. வால்வு மூடியதா என்பதை அல்ல. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியே போய்க்கொண்டிருந்தது. உலையின் மையத்தில் ஏறக்குறைய பாதி உருகியது.

வால்யூ மட்டும் போதாது

திரைக்கு வரும் ஒவ்வொரு அளவுக்கும், அதாவது டேகுக்கும், மதிப்பு, குவாலிட்டி (அதை நம்பலாமா), டைம்ஸ்டாம்ப் (எப்போது வந்தது) என்று மூன்று உண்டு. லிங்க் அறுந்தால் பல சாஃப்ட்வேர்கள் கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். 3.42 மீட்டர் என்று அசையாமல் நிற்கிற தொட்டி மட்டத்தைப் பார்த்து நிம்மதியடையாதீர்கள். குவாலிட்டி கெட்டிருந்தால் எண் நிறம் மாறட்டும், அல்லது கேள்விக்குறி காட்டட்டும். 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் ஒஹையோவில் ஒரு மின் நிறுவனத்தின் அலாரம் சாஃப்ட்வேர் சத்தமில்லாமல் நின்றுபோனது. அலாரம் வராததால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றே ஆபரேட்டர்கள் இருந்தார்கள். அன்று இருளில் மூழ்கியவர்கள் சுமார் 5 கோடிப் பேர்.

4–20 மில்லி ஆம்பியர்

சென்சாரின் டிரான்ஸ்மிட்டர் தன் அளவை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையிலான கரண்ட்டாக அனுப்பும். அதில் பூஜ்யம் என்பது 4. கரண்ட்டே இல்லையென்றால் வயர் அறுந்திருக்கிறது, அல்லது சப்ளை போயிருக்கிறது. 0–10 மீட்டர் டிரான்ஸ்மிட்டரில் வயர் அறுந்தால் கணக்குப்படி மைனஸ் 2.5 மீட்டர் வர வேண்டும். அசிங்கமாக இருக்கிறதே என்று அதைப் பூஜ்யத்தில் நிறுத்தி வைக்கிறார்கள். விளைவு, தொட்டி காலி என்று நினைத்துப் பம்ப் ஓடும், தண்ணீர் வழியும். 3.6 மில்லி ஆம்பியருக்குக் கீழே போனால் சென்சார் ஃபால்ட் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மோட்பஸ் 40001

மோட்பஸ் என்பது கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முறை. மேனுவலில் 40001 என்று போட்டிருக்கும் ரெஜிஸ்டருக்கு லைனில் போகும் முகவரி 0. முன்னால் உள்ள 4 ரெஜிஸ்டரின் வகையை மட்டும்தான் சொல்கிறது, மிச்சமுள்ள எண்ணில் ஒன்றைக் கழியுங்கள், மீட்டர் மேனுவலில் ஏற்கெனவே கழித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

அலாரமும் ஈவென்ட்டும்

ஆபரேட்டர் ஏதாவது செய்தாக வேண்டும் என்றால் அலாரம், இல்லாவிட்டால் ஈவென்ட். கதவு திறந்தது, பம்ப் நின்றது என்று எல்லாவற்றையும் அலாரமாக்கினால் அவர் படிக்காமலே அக்னாலெட்ஜ் அழுத்தப் பழகிவிடுவார். 1994-இல் வேல்ஸின் மில்ஃபோர்ட் ஹேவன் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்புக்கு முந்தைய 11 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்கள் முன் 275 அலாரங்கள் வந்து விழுந்தன. யாரால் படிக்க முடியும்?

லோக்கல், ரிமோட்

பம்ப்பைப் பேனலிலிருந்து இயக்குவதா (லோக்கல்), ஸ்காடாவிலிருந்து இயக்குவதா (ரிமோட்) என்று தீர்மானிக்க பேனலில் உள்ள செலக்டர் சுவிட்சின் நிலை ஒரு இன்புட்டாக ஸ்காடாவுக்கு வர வேண்டும். லோக்கலில் இருக்கும்போது ரிமோட் கட்டளையை வயரிங்கிலேயே தடுத்திருக்கிறார்களா என்று டிராயிங்கில் பார்த்தால் போதாது, பேனலைத் திறந்து பாருங்கள். தடுத்தே இருந்தாலும், மின்சாரத்தை அடியோடு துண்டிக்கும் ஐசொலேட்டரை ஆஃப் செய்து பூட்டுப் போடாமல் யாரையும் கப்ளிங் பக்கம் அனுப்பாதீர்கள்.