கரண்டியைப் பிடுங்காதீர்கள்: பிள்ளைகளுக்குக் கைவேலை பழக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை விடுமுறை வந்ததும் காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் பிள்ளைகளுக்குச் சமையல், தையல், கணக்கு என ஏதேனும் ஒன்றைப் பழக்கிவிட வேண்டும் என்ற ஆர்வம் பெரியவர்களுக்கு எழுகிறது. அந்த ஆர்வம் ஒரு வாரத்தில் ஓய்ந்துபோவதற்குப் பெரும்பாலும் பிள்ளைகளின் சோம்பல் காரணமன்று. பழக்கும் நம்முடைய அவசரமே காரணம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, பிள்ளை தடுமாறிய உடனே கரண்டியைப் பிடுங்கிக்கொள்வதுதான். வெள்ளைப் பணியாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உழக்கில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவிப்பது எங்கள் வீட்டு அளவு. ஊறவைத்து நைசாக அரைத்த மாவை, காய்ந்த எண்ணெயில் ஒரே கரண்டியாக ஊற்றினால் அது உப்பி மேலெழும்பி, ஓரம் முறுகலாக வர வேண்டும். என் மகள் முதன்முதலில் ஊற்றியபோது மாவு நீர்த்திருந்ததால் பணியாரம் தட்டையாக விரிந்து எண்ணெயைக் குடித்தது. "தள்ளு, நான் ஊத்துறேன்" என்று நாவின் நுனிவரை வந்ததை அடக்கிக்கொண்டு, "ஏன் ஆத்தா இப்படி ஆச்சு?" என்று மட்டும் கேட்டேன். அவள் கரண்டியைச் சாய்த்து மாவு விழுவதைச் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு கொஞ்சம் அரிசி மாவை எடுத்துக் கலந்தாள். மூன்றாவது பணியாரம் எழும்பியது. மாவின் பதத்தை நான் வாயால் எத்தனை முறை சொல்லியிருந்தாலும் அவள் கண்ணுக்கு அது தெரிந்திருக்காது. கொதிக்கும் எண்ணெய் அருகே பெரியவர் ஒருவர் நிற்பது கட்டாயம். ஆனால் அவர் நிற்பது காவலுக்காகவே.

பார்த்ததைக் கற்றதாக எண்ணிவிடுவது அடுத்த தவறு. கையால் தரைக்கல் செய்யும் ஆத்தங்குடிக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று, கண்ணாடியின் மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் இட்டுக் கல் செய்வதைக் காட்டுகிறோம். அச்சை அசையாமல் தூக்குவதில் உள்ள சிரமம் கையில் பிடித்தவருக்கே தெரியும். அந்தக் கல்லைத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்துக் காத்திருப்பதும் தொழிலின் பாதி. நாமோ, காத்திருக்கும் பகுதியை விட்டுவிட்டு, முடிந்த பொருளைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம்.

விளையாட்டுக் காசை வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதும் பயன் தருவதில்லை. கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழிலும் வணிகமும் செய்ய, பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சென்ற நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்), கடையில் பெட்டியடிப் பையன் என்ற எடுபிடிச் சிறுவனாகச் சேர்ந்து, அடுத்தாள் என்ற உதவியாளர், மேலாள் என்ற பொறுப்பாளர் எனப் படிப்படியாக உயர்ந்தபோது அவர்கள் கையில் புழங்கியது உண்மையான பணம். அந்த வயதில் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பியதை நான் ஒருபோதும் நியாயப்படுத்த மாட்டேன். ஆயினும் உண்மையான பொறுப்பே கணக்கைக் கற்பித்தது என்பதை மறுக்க முடியாது. இருநூறு ரூபாயைக் கொடுத்துச் சந்தைக்கு அனுப்புங்கள். மீதியும் செலவும் ஒத்துவராவிட்டால் திட்டாமல், வாங்கிய ஒவ்வொன்றையும் அவர்களே எழுதிப் பார்க்கும்வரை பொறுத்திருங்கள்.

அடுப்பை மகளுக்கும் கணக்கை மகனுக்கும் ஒதுக்குவதை இன்றோடு நிறுத்த வேண்டும். மாவரைத்த இயந்திரத்தையும் எண்ணெய்ச் சட்டியையும் கழுவி வைக்கும் வேலையைத் தாயின் தலையில் விடுவதும் அவ்வாறே. அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்த பிறகே அன்றைய பாடம் முடிந்ததாகக் கொள்ளுங்கள்.