பாய்மரப் படகில் ஸ்கிப்பர் ஆக: எந்தச் சான்றிதழ், எந்தப் பயிற்சி?

பிரிட்டனில் சொந்தப் படகைக் கடலில் பொழுதுபோக்குக்கு ஓட்ட உரிமம் தேவையில்லை. காலையில் ஒரு பாய்மரப் படகை வாங்கி மதியமே கடலில் இறங்கினாலும் யாரும் தடுக்க மாட்டார்கள். அப்படியிருக்க ஸ்கிப்பர், அதாவது படகை நடத்தும் தலைவர், ஆகச் சான்றிதழ் எதற்கு என்று என் மனைவியே கேட்டாள். வாடகைக்குப் படகு கொடுப்பவர் கேட்பார், காப்பீட்டுக்காரர் கேட்பார் என்று சொல்லி வைத்தேன். உண்மையில் எனக்குப் பயம், அவ்வளவுதான். கடலூரில் வளர்ந்தும் அலையில் கால் நனைத்ததோடு சரி. லண்டனுக்கு வேலைக்கு வந்து, நாற்பது வயதுக்கு மேல்தான் பாயைத் தொட்டேன். முதல் பயிற்சியைத் தவறான இடத்தில் எடுத்து, ஒரு வாரச் சம்பளத்தையும் விட்டேன். அந்தக் கதை கீழே வருகிறது.

முதலில் ஏணியைப் பாருங்கள்

இங்கே பயிற்சித் திட்டம் ராயல் யாட்டிங் அசோசியேஷன், சுருக்கமாக ஆர்.ஒய்.ஏ., வகுத்தது. அமெரிக்காவில் ஏ.எஸ்.ஏ., யூ.எஸ். செய்லிங் என்ற அமைப்புகளின் வேறு வழிகள் உண்டு. நான் ஏறியது இந்த ஏணி என்பதால் இதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கீழ்ப்படி காம்பிட்டன்ட் க்ரூ. க்ரூ என்றால் ஸ்கிப்பருக்குக் கீழே படகில் வேலை பார்ப்பவர். ஐந்து நாள் படகிலேயே தங்கி, கயிறு, பாய், சுக்கான், சமையல் எல்லாம் பழகுவது. முன் அனுபவம் ஒன்றும் வேண்டாம். அடுத்தது டே ஸ்கிப்பர்: பகல் நேரத்தில், பழகிய கடற்பகுதியில், சிறு படகைப் பொறுப்பேற்று நடத்தத் தெரிந்தவர் என்று பொருள். அதற்கு மேலே கோஸ்டல் ஸ்கிப்பர், அப்புறம் யாட்மாஸ்டர். வாரக்கடைசியில் குடும்பத்தோடு போய்வர ஆசைப்படுபவருக்கு டே ஸ்கிப்பரே போதும். பெயர் கம்பீரமாக இருக்கிறதே என்று முதல் நாளே யாட்மாஸ்டருக்குக் கண் வைக்காதீர்கள்.

குளிர்காலத்தில் காகிதப் பாடம்

டே ஸ்கிப்பருக்குப் பாடம் தனி, செய்முறை தனி. பாடம் சுமார் 40 மணி நேரம். வகுப்பிலும் படிக்கலாம், இணையத்திலும் படிக்கலாம். நவம்பரில் தொடங்கினால் மார்ச்சுக்குள் முடித்துவிடலாம். கடல் வரைபடம், திசைகாட்டி, விளக்குகள், வழிவிடும் விதிகள், வானிலை எல்லாம் இதில் வரும். நம்மவர்களுக்கு அதிகம் உதைப்பது ஓதம், அதாவது கடல் ஏறி இறங்கும் கணக்கு. சென்னையில் அமாவாசை பௌர்ணமியை ஒட்டிக்கூட கடல் ஏறி இறங்குவது ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அதனால் நாம் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள சவுதாம்ப்டனில் அதே நாட்களில் சுமார் நான்கு மீட்டர்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஏற்றத்துக்கும் வற்றுக்கும், அதாவது நீர் மிக உயர்ந்து நிற்கும் நிலைக்கும் மிகத் தாழ்ந்து நிற்கும் நிலைக்கும், வித்தியாசம் 3.6 மீட்டர் என்று வையுங்கள். கடல் ஆறு மணி நேரத்தில் ஒரே சீராக ஏறாது. பன்னிரண்டு பங்காகப் பிரித்தால், மணிக்கு 1, 2, 3, 3, 2, 1 பங்கு என்று ஏறும். ஒரு பங்கு 0.3 மீட்டர். வற்றின்போது நீர்மட்டம், வரைபடம் ஆழத்தை அளக்கும் அடிமட்டத்துக்கு மேல் 0.8 மீட்டர். நீங்கள் கடக்க வேண்டிய மணல் திட்டின் மேல் வரைபடம் காட்டும் ஆழம் 0.5 மீட்டர். உங்கள் படகு நீருக்குள் 1.8 மீட்டர் இறங்கியிருக்கும். வற்று முடிந்து இரண்டு மணி நேரத்தில் மூன்று பங்கு, அதாவது 0.9 மீட்டர் ஏறியிருக்கும். 0.5, 0.8, 0.9 மூன்றையும் கூட்டினால் மொத்த ஆழம் 2.2 மீட்டர், படகின் அடியில் மிஞ்சுவது 40 சென்டிமீட்டர். இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்தால் 1.3 மீட்டர் மிஞ்சும். ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டுக் கிளம்புவது எவ்வளவு மேல்!

ஆனால் இந்தச் சூத்திரம் எல்லா ஊரிலும் செல்லாது. சவுதாம்ப்டனில் ஏற்றம் இரண்டு முறை உச்சம் தொடும், நீர் வெகுநேரம் இறங்காமல் நிற்கும். அங்கே நீர் ஏறி இறங்குவதைக் காட்டும் அந்த ஊருக்கான வளைகோட்டைத்தான் பார்க்க வேண்டும். பாடத்தை முடிக்காமல் செய்முறைக்குப் போனால், மற்றவர்கள் பாய் ஏற்றும்போது நீங்கள் உள்ளே உட்கார்ந்து கூட்டல் கழித்தல் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

கடலில் ஐந்து நாள், 100 மைல், நான்கு இரவு மணி

டே ஸ்கிப்பர் செய்முறையில் சேருமுன் எதிர்பார்க்கப்படும் அனுபவம் தலைப்பில் உள்ளதுதான்: ஐந்து நாள், 100 மைல், இரவில் நான்கு மணி நேரம். காம்பிட்டன்ட் க்ரூ வாரமே ஏறக்குறைய இதை நிரப்பிவிடும். நண்பர் படகிலோ கிளப் படகிலோ போனாலும் சரி. மைல் என்றால் கடல் மைல், 1,852 மீட்டர்.

பயிற்சி மையம்: இங்கேதான் நான் கோட்டை விட்டேன்

முதல் டே ஸ்கிப்பரை நான் மத்தியதரைக் கடலில் எடுத்தேன். வெயில், நீல நீர், மாலையில் கரையில் மீன் வறுவல். சான்றிதழும் வந்தது. அதில் 'ஓதமில்லாக் கடல்' என்று குறிப்பிட்டிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. மையத்தில் இருந்தவர்களும் சேரும்போது வாய் திறக்கவில்லை. அடுத்த கோடையில் இங்கிலாந்தின் தென்கரையில் படகு வாடகைக்குக் கேட்டபோது, மேஜைக்குப் பின்னால் இருந்த பெண்மணி அந்த வரியில் விரலை வைத்து, சிரித்துக்கொண்டே காகிதத்தைத் திருப்பித் தந்தார். மறுபடியும் ஐந்து நாள், மறுபடியும் பணம்.

ஆகவே முதல் கேள்வி: எங்கே ஓட்டப்போகிறீர்கள்? கிரீஸ், குரோஷியா போதும் என்றால் வெதுவெதுப்பான கடலில் படிப்பதில் தப்பில்லை. பிரிட்டனிலோ பிரான்ஸின் வட கரையிலோ ஓட்டுவதானால் ஓதமுள்ள கடலில்தான் படிக்க வேண்டும். என் கருத்து: இரண்டாவதைப் படித்தவர் முதலாவதற்குப் போகலாம், திரும்பி வருவதுதான் கஷ்டம்.

நான் இரண்டாம் முறை போனது சோலன்ட், அதாவது வைட் தீவுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவிலுள்ள நீர்ப்பரப்பு. ஹாம்பிள், கௌஸ், லிமிங்டன், போர்ட்ஸ்மத் எல்லாம் பக்கம் பக்கமாக இருப்பதால் ஒரே நாளில் மூன்று துறைகளில் நுழைந்து பழகலாம். கப்பல், ஃபெர்ரி, பந்தயப் படகு என்று நெரிசலுக்கும் குறைவில்லை. மேற்கு முனையில் ஹர்ஸ்ட் என்ற குறுகலான வழி உண்டு. அமாவாசை பௌர்ணமி கழிந்த ஓரிரு நாட்களில் அங்கே நீரோட்டம் நான்கு நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல் என்பதே நாட்) வேகத்தைத் தாண்டும். படகின் வேகம் ஐந்து நாட். நீரோட்டத்தோடு போனால் ஒன்பது, எதிர்த்துப் போனால் ஒன்று. நாங்கள் அரை மணி தாமதமாகக் கிளம்பி எதிரோட்டத்தில் மாட்டினோம். கரையிலிருந்த கோட்டை அசையாமல் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரை அன்றிலிருந்து நல்ல நேரத்துக்காகப் பார்ப்பதில்லை, அமாவாசைக்காகப் பார்க்கிறேன்.

மையத்துக்கு ஃபோன் செய்யும்போது கேட்க வேண்டியவை இன்னும் சில. படகில் எத்தனை மாணவர்? ஒரு பயிற்றுநருக்கு ஐந்து பேர் உச்சவரம்பு. நான்கு என்றால் சுக்கான் உங்கள் கைக்கு அடிக்கடி வரும். அதைவிட முக்கியம், அந்த நால்வரில் டே ஸ்கிப்பர் எடுப்பவர் எத்தனை பேர் என்பது. நான்கு பேருமே ஸ்கிப்பர் மாணவர் என்றால் துறையில் கட்டும் பயிற்சிக்கு வரிசையில் நிற்க வேண்டும். இரண்டு ஸ்கிப்பர், இரண்டு க்ரூ என்றால் நல்லது. சாப்பாடு, டீசல், துறைக் கட்டணம் விலைக்குள் அடக்கமா என்றும் கேளுங்கள். மலிவான விளம்பரங்களில் இதில்தான் பூனை ஒளிந்திருக்கும். மழைக்கோட்டும் லைஃப் ஜாக்கெட்டும் பெரும்பாலும் அவர்களே தருவார்கள், வாங்க அவசரப்படாதீர்கள்.

அந்த ஐந்து நாளில்

தேர்வு என்று தனியாக எதுவும் கிடையாது. பயிற்றுநர் வாரம் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருப்பார். தேறியவருக்குக் கடைசி நாள் சான்றிதழ். தேறாதவருக்கு எதை இன்னும் பழக வேண்டும் என்று சொல்லுவார்.

தினமும் ஒரு முறையாவது, கடலில் ஆள் விழுந்தால் மீட்கும் பயிற்சி நடக்கும். ஒரு ஃபெண்டரில், அதாவது படகு கரையில் இடிக்காமலிருக்கப் பக்கவாட்டில் தொங்கவிடும் மெத்தையில், வாளியைக் கட்டி எறிவார்கள். அதற்கு பாப் என்று செல்லப் பெயர். உடனே ஒருவர் கத்த வேண்டும். இன்னொருவர் கண்ணை எடுக்காமல் பாப்பை நோக்கி விரலை நீட்டிக்கொண்டே நிற்க வேண்டும், அவருக்கு வேறு வேலை கிடையாது. சுக்கான் பிடிப்பவர் படகைக் காற்றுப் பக்கம் திருப்பி நிறுத்துவார். நீரில் கயிறு எதுவும் தொங்கவில்லை என்று பார்த்த பிறகே எஞ்சினைத் தட்ட வேண்டும். பார்க்காமல் தட்டினால் கயிறு நீருக்கடியில் சுழலும் விசிறியில் சுற்றிக்கொள்ளும். அப்புறம் கீழ்க்காற்றுப் பக்கமிருந்து, அதாவது காற்று வீசிச் செல்லும் பக்கமிருந்து, பாய் படபடவென்று அடித்து வேகம் சாகும் கோணத்தில், மெதுவாக நெருங்க வேண்டும். நான் வேகத்தைக் குறைக்கத் தவறி மூன்று முறை பாப்பைத் தாண்டிப் போனேன். "அவர் இப்போது பிரான்ஸுக்குப் பாதி வழியில் இருப்பார்" என்றார் பயிற்றுநர்.

சூட்கேஸ் கொண்டு போகாதீர்கள், படகில் வைக்க இடமில்லை. மடக்கக்கூடிய துணிப்பை போதும். முதல் நாளுக்குப் புளிசோறு கட்டிக்கொண்டு போனேன். வயிறு புரட்டிய மதியத்தில் எனக்கு இறங்கியது அது ஒன்றுதான்.

பக்கத்துக் காகிதங்கள்

படகிலிருந்து பேச உதவும் வி.எச்.எஃப். ரேடியோவை இயக்க எஸ்.ஆர்.சி. சான்றிதழ், ஒரு நாள் வேலை, எடுத்துவிடுங்கள். வெளிநாட்டில் வாடகைப் படகு எடுக்க ஐ.சி.சி. என்ற சர்வதேசச் சான்றிதழைக் கேட்பார்கள். பிரிட்டனில் வசிப்பவர்கள் டே ஸ்கிப்பர் செய்முறைச் சான்றிதழைக் காட்டியே அதை வாங்கலாம். குரோஷியாவில் ரேடியோ சான்றிதழும் வேண்டும்.

மேலே ஏற நினைத்தால்

யாட்மாஸ்டர் ஆஃப்ஷோர் தேர்வுக்கு உட்கார 50 நாள் கடலில் இருந்திருக்க வேண்டும். அதில் ஐந்து நாளாவது ஸ்கிப்பராக. 2,500 மைல் ஓடியிருக்க வேண்டும், அதில் பாதி ஓதமுள்ள கடலில். 60 மைலுக்கு மேற்பட்ட பயணம் ஐந்தாவது இருக்க வேண்டும். ரேடியோ, முதலுதவிச் சான்றிதழ்களும் தேவை. சில மாதங்களில் எல்லாவற்றையும் முடித்துத் தருகிறோம் என்று விற்கும் அதிவேகப் பயிற்சிகள் உண்டு. தொழிலாகவே எடுப்பவருக்கு அது சரிப்படலாம். நான் அந்த வழியில் போகவில்லை. கிளப் வாசலில் 'க்ரூ தேவை' என்று எழுதியிருந்தால் பெயர் கொடுத்து வருகிறேன்.

முதல் பயணத்திலிருந்தே ஒரு நோட்டு போடுங்கள்: தேதி, படகின் பெயர், எங்கிருந்து எங்கே, எத்தனை மைல், இரவில் எத்தனை மணி, ஓதம் உண்டா, நீங்கள் க்ரூவா ஸ்கிப்பரா. படகை விட்டு இறங்குமுன் ஸ்கிப்பரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். என் முதல் 200 மைலுக்குக் கையெழுத்து கிடையாது. அந்தப் படகுக்காரர் ஊரை விட்டே போய்விட்டார்.