முள் நடுவுக்கு வந்துவிட்டது, இனி விரட்டலாமா?

காரை ஸ்டார்ட் செய்து டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்ததும், சரி, இன்ஜின் ரெடி என்று ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு அழுத்துகிறவர்கள் நிறையப் பேர். நானும் பல வருடம் அப்படித்தான் ஓட்டினேன். ஆனால் அந்த முள் காட்டுவது கூலன்ட்டின், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தின், சூட்டை மட்டும்தான். உள்ளே உலோகத்தோடு உலோகம் உரசாமல் காப்பாற்றுவது ஆயில், அது சூடாவது பொதுவாகக் கூலன்ட்டுக்குப் பின்னால்தான். முள் நடுவில் நிற்கும்போது ஆயில் பாதிச் சூட்டில்கூட இருக்கலாம்.

இது எனக்கு உறைத்தது புத்தகம் படித்து இல்லை, ஆயில் மாற்றும்போது. ஒரு முறை ராத்திரி முழுக்க நின்ற வண்டிக்கு அடியில் படுத்து டிரெயின் போல்ட்டைக் கழற்றினேன். ஆயில் கயிறு திரித்தது மாதிரி தடியாக, சோம்பலாக இறங்கியது, கடைசிச் சொட்டு விழுவதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது. அடுத்த முறை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து கழற்றினால், குழாயைத் திறந்த மாதிரி பீய்ச்சி அடித்து விரலையும் சுட்டுவிட்டது. அதே பிராண்ட், அதே கிரேடு. பொதுவாகப் போடும் 5டபிள்யூ-30 ஆயிலை எடுத்துக்கொண்டால், 40 டிகிரி செல்சியஸில் இருக்கும் கெட்டித்தன்மை 100 டிகிரியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகிவிடும். குளிர்காலத்தைக் (வின்டர்) குறிக்கும் டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண்ணைப் பார்த்து "குளிரிலும் தண்ணீராக ஓடும்" என்று நினைத்துவிடாதீர்கள். குளிரில் மற்ற ஆயிலைவிடக் கொஞ்சம் சுலபமாக ஓடும், அவ்வளவுதான்.

ஆயில் கெட்டியாக இருக்கும்போது ஆர்பிஎம்மை (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை) ஏற்றினால் என்ன நடக்கும்? பம்ப் தள்ளுகிற வேகத்துக்கு ஆயில் நகர முடியாமல் பிரஷர் எகிறும், உடனே ரிலீஃப் வால்வு திறந்து ஒரு பகுதி ஆயிலைத் திருப்பி அனுப்பிவிடும். ஃபில்டரில் இருக்கும் பைபாஸ் வால்வும் திறந்துகொண்டால் வடிகட்டாத ஆயிலே பேரிங்குகளுக்குப் போகும். அதாவது மீட்டரில் ஆயில் பிரஷர் அமோகமாகத் தெரியும், ஆனால் போக வேண்டிய இடத்துக்கு ஆயில் போதுமான அளவு போகாது. இன்னொரு பக்கம், பிஸ்டன் அலுமினியம், அது சூட்டில் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதைக் கணக்கில் வைத்துத்தான் குளிர்ந்திருக்கும்போது கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும்படி செய்திருப்பார்கள். சில இன்ஜின்களில், முக்கியமாக ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டன் போட்டவற்றில், காலையில் கேட்கும் டக் டக் சத்தம் பிஸ்டன் சிலிண்டர் சுவரில் தட்டுவதுதான். சூடானதும் அடங்கிவிடும். அது அடங்குவதற்குள் விரட்டினால் அடி கூடத்தான் விழும்.

அப்படியானால் வீட்டு வாசலிலேயே பத்து நிமிடம் ஓட விட்டுவிட்டுக் கிளம்பினால் ஆயிற்றா? இல்லை, இது இன்னும் மோசம். ஐடிலிங்கில் இன்ஜின் வேலையே செய்வதில்லை, வேலை செய்யாத இன்ஜினுக்குச் சூடு எங்கிருந்து வரும்? டீசல் வண்டியாக இருந்தால் கேட்கவே வேண்டாம், அது ஐடிலிங்கில் ஆமை வேகத்தில்தான் சூடாகும். குளிர்ந்த பெட்ரோல் இன்ஜினுக்கு ஈசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி, எரிபொருளைக் கூடுதலாக ஊற்றும், அதில் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஆயிலோடு கலக்கும். கார்புரேட்டர் காலத்தில் சோக்கை இழுத்துவிட்டு நின்றே ஆக வேண்டும், இல்லாவிட்டால் முதல் திருப்பத்திலேயே வண்டி அணைந்துவிடும். அந்தப் பழக்கம்தான் தாத்தா காலத்திலிருந்து இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு அது தேவையில்லை. அப்புறம் ஒன்று, மூடிய கராஜுக்குள் ஓட விடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆள் போன பிறகுதான் தெரியும்.

செய்ய வேண்டியது இதுதான். ஸ்டார்ட் செய்யுங்கள், ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்காதீர்கள். ஆயில் லைட் அணையும், ஆர்பிஎம் 1,200, 1,500 என்று ஏறி நிற்கும். சீட் பெல்ட் போட்டு, கண்ணாடி சரி பார்த்து முடிப்பதற்குள் அது மெல்ல இறங்கத் தொடங்கும். அரை நிமிடம் போதும், உறைபனிக் குளிர் என்றால் ஒன்றிரண்டு நிமிடம். பிறகு கிளம்பிவிடுங்கள், ஆனால் மெதுவாக. பெட்ரோல் வண்டி என்றால் 2,000-க்கும் 3,000-க்கும் நடுவில், டீசல் என்றால் அதைவிடக் கொஞ்சம் கீழே, ஆக்ஸிலரேட்டர் பாதிக்கு மேல் போகாமல். இங்கே பலர் எதிர்ப்பக்கமாகத் தப்பு செய்வார்கள். ஆர்பிஎம் ஏறக் கூடாது என்று நான்காம் கியரில் 1,200-ல் வைத்து, மேட்டில் காலை முழுசாக அழுத்துவார்கள். இன்ஜின் முனகும், குறைந்த வேகத்தில் சுமை அப்படியே பேரிங் மேல் உட்காரும். ஆர்பிஎம் குறைவு என்பதால் மட்டும் அது மென்மையான ஓட்டம் ஆகிவிடாது. ஒரு கியர் இறக்கி, சுலபமாகச் சுழல விடுங்கள்.

ஆயில் சூடாகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆயில் டெம்பரேச்சர் மீட்டர் இருந்தால் கதை முடிந்தது, 80 டிகிரி தாண்டிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உரிமை எடுத்துக்கொள்ளலாம், 90-க்கு மேல் தாராளம். பிஎம்டபிள்யூவின் இ46 எம்3 காரில் இதை அழகாகச் செய்திருந்தார்கள், டாகோமீட்டரில் (ஆர்பிஎம் காட்டும் மீட்டரில்) இருக்கும் எச்சரிக்கை விளக்குகள் ஆயில் சூடாகச் சூடாக ஒவ்வொன்றாக அணைந்து, எதுவரை ஆர்பிஎம் ஏற்றலாம் என்று காட்டும். நம் வண்டியில் அது இல்லை என்றால் வண்டியின் கணினித் தகவலைப் படிக்கும் ஓபிடி ரீடர் ஒன்று செருகிப் பாருங்கள், எல்லா வண்டியும் ஆயில் சூட்டைச் சொல்லாது, சில சொல்லும். அதுவும் இல்லையென்றால் கணக்கு எளிது: கூலன்ட் முள் நடுவுக்கு வர எவ்வளவு நேரம் ஆனதோ அதே அளவு நேரம் இன்னும் ஓட்டுங்கள். மொத்தத்தில் 15 நிமிடம் போல வரும், நல்ல குளிரில் 20. ஒரு விஷயம், பல கார்களில் அந்த முள்ளே பாதிப் பொய், 80 டிகிரி வாக்கில் நடுவுக்கு வந்தால் 105 வரை அசையாமல் அங்கேயே நிற்கும், ஓட்டுபவர் பதறக் கூடாது என்று அப்படி அமைத்திருக்கிறார்கள். முள்ளே இல்லாமல் நீல விளக்கு மட்டும் உள்ள வண்டியில் விளக்கு அணைந்தது என்றால் 'ரொம்பக் குளிர்ச்சியாக இல்லை' என்றுதான் அர்த்தம்.

இன்ஜின் மட்டும்தான் குளிர்ந்திருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். மேனுவல் கியர்பாக்ஸில் காலையில் இரண்டாம் கியர் முரண்டு பிடிப்பதைக் கவனித்திருப்பீர்கள், அதிலும் ஆயில்தான், அதைச் சூடாக்க இன்ஜின் போல உள்ளே நெருப்பு கிடையாது, ஓடித்தான் ஆக வேண்டும். டயரும் அப்படியே. டிராக்கில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் பிட்டில் நின்று இன்ஜினை மட்டும் உறுமவிட்டுப் பயனில்லை, முதல் சுற்று முழுவதும் நிதானமாகப் போய், பிரேக்கை இரண்டு மூன்று முறை இதமாகப் பிடித்து எல்லாவற்றையும் சேர்த்தே சூடாக்குங்கள். எல்லாம் சூடான பிறகும் முதல் அழுத்தலிலேயே ரெட்லைன் (ஆர்பிஎம்மின் உச்ச வரம்பு) வரை போகாமல் 4,000, அப்புறம் 5,000 என்று ஏற்றுவது என் பழக்கம்.

டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) உள்ள வண்டிக்காரர்கள் திரும்பி வரும்போதும் இதே கவனத்தோடு இருக்க வேண்டும். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும், அது மிதப்பது ஆயில் படலத்தின் மேல். நன்றாக விரட்டிவிட்டு அப்படியே நிறுத்தி சாவியைத் திருப்பினால் ஆயில் ஓட்டம் நின்றுவிடும், உள்ளே தேங்கிய ஆயில் அந்தச் சூட்டில் கருகிக் கரியாகப் படியும். கடைசி ஐந்து நிமிடம் சாதுவாக ஓட்டி வந்தாலே போதும், மறந்துபோய் விரட்டிக்கொண்டே வந்து சேர்ந்துவிட்டால் ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலிங்கில் விட்டு அணையுங்கள். சில வண்டிகளில் அணைத்த பிறகும் ஃபேனோ ஒரு சின்ன பம்போ ஓடிக்கொண்டே இருக்கும், அது கோளாறு இல்லை.

நடுவில் அரை மணி நேரம் எங்காவது நிறுத்திவிட்டுத் திரும்ப எடுத்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, ஐந்து நிமிடம் மெதுவாகப் போனால் சரியாகிவிடும். மூன்று நான்கு மணி நேரம் நின்றிருந்தால் காலையில் எடுப்பது மாதிரியே எடுங்கள்.